கார்னரில் ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றால் கோல் நிற்காது

கால்பந்தில் கார்னரில், அதாவது மைதானத்தின் மூலைக் கொடியருகே இருந்து எதிரணி அடிக்கும் கிக்கில், கோல் வாங்கியதும் எல்லா டீமிலும் எழும் முதல் கேள்வி, "அவன் யாரோட ஆளு?" இந்தக் கேள்வியே தப்பு என்பேன். பந்து எங்கே வந்தது, அந்த இடத்தில் நம் ஆள் யார் நின்றார் என்றுதான் கேட்க வேண்டும்.

2018 உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்ஸும் பெல்ஜியமும். 51ஆவது நிமிடம், பிரான்ஸின் கிரீஸ்மன் கார்னர் அடிக்கிறார். பிரான்ஸின் உம்டிட்டியோடு போனவர் பெல்ஜியத்தின் ஃபெலெய்னி, அவரைவிட நல்ல உயரம். ஆனால் முதல் போஸ்ட் பக்கம், அதாவது கார்னர் கொடிக்குக் கிட்டே இருக்கும் கோல் கம்பத்தருகே, உம்டிட்டி முந்திப் புகுந்து தலையைக் கொடுத்துவிட்டார். பெல்ஜியம் அந்த ஒரே கோலில் வெளியேறியது. எங்கே போகப் போகிறோம் என்பது ஓடுகிறவனுக்குத் தெரியும், துரத்துகிறவனுக்குத் தெரியாது. ஆளைப் பார்த்தால் பந்து தெரியாது, பந்தைப் பார்த்தால் ஆள் நழுவிவிடுவான். மேன் மார்க்கிங்கை, அதாவது ஆளுக்கொரு ஆள் துரத்துவதை, மட்டும் நம்பும் டீமுக்கு இந்தத் தலைவலி தீரவே தீராது.

அதற்காகப் பத்துப் பேரையும் இடம் பார்த்து நிறுத்தினாலும் (ஜோன் மார்க்கிங்) போதாது. ஓடி வந்து எம்புகிறவன், நின்ற இடத்தில் எம்புகிறவனைவிட மேலே போவான். ஜோன் மார்க்கிங்கில் கோல் விழ முக்கியக் காரணம் இதுதான். ஆகவே இடத்தையும் காக்க வேண்டும், ஓட்டத்தையும் உடைக்க வேண்டும்.

நான் சொல்லும் அமைப்பு இது. கோலுக்கு முன்னால் 5.5 மீட்டர் தள்ளி இருக்கும் சின்ன பாக்ஸ் கோட்டில் 4 பேர், முதல் போஸ்ட்டுக்கு நேரே தொடங்கி இரண்டாம் போஸ்ட் வரை. தலையால் நன்றாக அடிப்பவர்கள் முதல் இரண்டு இடத்தில். அவர்களுக்கும் கார்னர் கொடிக்கும் நடுவில், தாழ்வாக வரும் பந்தை வெட்ட ஒருவர். பெனால்டி புள்ளியைச் சுற்றி 3 தடுப்பாளர்கள். பெரிய பாக்ஸ் விளிம்பில் ஒருவர், கொடிக்குப் பக்கத்திலேயே சின்னதாகப் பாஸ் கொடுக்கும் ஷார்ட் கார்னருக்கு ஒருவர். அங்கே எதிரணியில் இருவர் வந்தால் விளிம்பில் நிற்பவரும் உடனே ஓட வேண்டும். கிக் அடிக்கும்வரை கார்னர் வளைவிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருப்பதால், ஒற்றை ஆள் இருவரை மறிக்க முடியாது.

அந்த 3 தடுப்பாளர்களின் வேலை பந்தைத் தொடுவது இல்லை. ஓடி வருகிறவன் பாதையில் முன்கூட்டியே போய் நின்று, அவன் வேகத்தை ஒரு நொடி கெடுத்தால் போதும். கை கீழேயே இருக்கட்டும். சட்டையைப் பிடித்தால் பெனால்டி.

சின்ன பாக்ஸ் கோட்டில் நிற்கும் நால்வரும் கொடியைப் பார்த்து நேராக நிற்கக் கூடாது. ஒரு தோள் கொடியை நோக்கி, மறு தோள் மைதானத்தை நோக்கி. பாதி திரும்பி நின்றால்தான் பந்தும் தெரியும், பின்னால் வருகிறவனும் தெரியும். அடிப்பவரின் காலையும் கவனியுங்கள். கீப்பருக்கு இடப்பக்கக் கொடியிலிருந்து இடது காலால் அடித்தால் பந்து கோலை நோக்கி வளையும். அந்த நால்வரும் அப்படியே நிற்கட்டும். அதே கொடியிலிருந்து வலது கால் என்றால் வெளியே வளையும். ஒரு மீட்டர் முன்னே வரலாம்.

கீப்பர் கோலின் நடுவில், கோல் கோட்டிலிருந்து ஓரடி முன்னால். வருவதென்றால் குரல் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். பாதி வழியில் நிற்பதைவிட வராமல் இருப்பதே மேல். பிடிக்க முடியாவிட்டால் இரண்டு முஷ்டியாலும் பக்கவாட்டில் குத்துங்கள். நேரே முன்னால் குத்திய பந்து விளிம்பில் காத்திருப்பவன் காலுக்குத்தான் போகும்.

போஸ்ட்டில் ஆள் நிறுத்துவதை நான் விரும்புவதில்லை. கார்னர் கிக்கிலிருந்து நேரே வாங்கும் பந்துக்கு ஆஃப்சைடு (நம் கடைசி இருவரில் முன்னால் நிற்பவரைத் தாண்டி கோல் பக்கம் நின்று எதிரணி பந்து வாங்கும் தவறு) கிடையாது. அதற்கடுத்து அவர்கள் தொட்டு ஆடும்போதுதான் உண்டு. பந்தை வெளியே அடித்ததும் மொத்த டீமும் பாக்ஸ் விளிம்புக்கு ஓடிவர, போஸ்ட்டில் ஒருவர் தங்கிவிட்டால் எதிரணி முழுக்க ஆன்சைடு, அவர்களுக்கு ஆஃப்சைடே வராது.

இன்னொன்று. 2019இல் லிவர்பூல் பார்சிலோனாவுக்கு எதிராக 79ஆவது நிமிடத்தில் அடித்த கோலில் இந்த அமைப்பு எதற்கும் நேரமே இல்லை. பார்சிலோனா தயாராகும் முன்பே லிவர்பூலின் அலெக்சாண்டர்-அர்னால்டு கார்னரைச் சட்டென்று அடிக்க, ஒரிகி முடித்துவிட்டார். பந்து வெளியே போனதும் யாரும் முதுகைக் காட்டக் கூடாது. கொடிக்குப் பக்கத்தில் இருப்பவர் பந்தைப் பார்த்தபடியே பின்வாங்கட்டும். மற்றவர்கள் முதல் போஸ்ட் இடத்தை நிரப்பிவிட்டு, அப்புறம் தங்கள் இடத்துக்குப் போகலாம்.