பயோகிளிட்டசோனை குளுக்கோமீட்டர் வைத்து அளக்காதீர்கள்

"ஒரு வாரமா போடுறேன், சுகர் இறங்கவே இல்ல. இது வேஸ்ட் மாத்திரை." சர்க்கரை நோய்க்குப் பயோகிளிட்டசோன் மாத்திரை எடுப்பவர்கள் பலர் சொல்வது இது. ஒரு வாரத்தில் அது இறக்கவும் இறக்காது. இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலினை வெளியே தள்ளும், அன்றைக்கே மீட்டரில் தெரியும். பயோகிளிட்டசோன் கைவைப்பது செல்லின் உட்கருவுக்குள்.

அங்கே பீப்பார் காமா என்றொரு ஏற்பி, அதாவது மருந்து வந்து ஒட்டினால் வேலையைத் தொடங்கும் புரதம், இருக்கிறது. கொழுப்பு செல்களில்தான் அதிகம். ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்துதான் அது டிஎன்ஏவில் உட்காரும். ஏஜிஜிடிசிஏ (AGGTCA) என்ற டிஎன்ஏ ஆறெழுத்து இரண்டு முறை வந்து, நடுவில் ஒரே ஓர் எழுத்து இடைவெளி விட்டிருக்கும் இடம்தான் அதன் இருக்கை. மருந்து இல்லாதபோது அடக்கும் புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். மருந்து ஏற்பியின் பள்ளத்துக்குள் நுழைந்ததும் அதன் 12ஆம் சுருள் மடங்கி நிலைகொள்ளும். அடக்கும் புரதங்கள் விலகி, தூண்டும் புரதங்கள் வந்து ஒட்டும். மரபணுக்கள் வாசிக்கப்படும். இன்சுலினின் வேலையை எளிதாக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் கூடும், இரத்தத்திலிருந்து கொழுப்பை உள்ளே இழுக்கும் புரதங்கள் கூடும், தோலுக்கடியில் புதிதாகச் சிறு கொழுப்பு செல்கள் முளைக்கும்.

பரணில் ஏற்ற வேண்டிய சாமானை அடுப்படியில் குவித்து வைத்தால் சமைக்க முடியுமா? கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு குவிந்தால் இன்சுலின் பேச்சு அங்கே எடுபடாததும் (இன்சுலின் எதிர்ப்பு) அப்படித்தான். பயோகிளிட்டசோன் அந்தக் கொழுப்பை அதற்குரிய இடத்துக்கு நகர்த்துகிறது. மரபணு வாசிக்கப்பட்டு, புரதம் உருவாகி, செல் வளர்ந்து, கொழுப்பு இடம் மாற வாரக்கணக்கில் ஆகும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம். அதனால் இதற்குரிய அளவுகோல், இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை.

எடை கூடுவதும் இதே கணக்கில்தான் வருகிறது. ஒரு பங்கு புதுக் கொழுப்பு, இன்னொரு பங்கு நீர். ஏனென்றால் பீப்பார் காமா சிறுநீரகத்திலும் இருக்கிறது. அங்கே அது தூண்டப்பட்டால் உடல் சோடியத்தைப் பிடித்து வைக்கும், கூடவே தண்ணீரும் தங்கும். கணுக்கால் வீங்கும். பிரஷருக்கு அம்லோடிபின் எடுப்பவர் என்றால் பழி அதன்மேல் போய்விடும், இரண்டுமே வீக்கம் தரக்கூடியவை. உடனே கடையில் நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு மாத்திரை வாங்கிப் போடுவது சரியல்ல, இந்த வீக்கத்துக்கு அது பல நேரம் சரியாக எடுபடுவதில்லை. மருந்தின் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இதயச் செயலிழப்பு இருப்பவருக்கு இந்த மருந்தே கூடாது. இன்சுலினும் சேர்த்துப் போடுபவருக்கு நீர் கோர்க்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். எலும்பு மஜ்ஜையிலும் இதே கதை: எலும்பு செல்லாகவோ கொழுப்பு செல்லாகவோ ஆகக்கூடிய மூலச் செல்லை மருந்து கொழுப்புப் பக்கம் திருப்பிவிடும். பெண்களுக்கு, முக்கியமாக மாதவிடாய் நின்றவர்களுக்கு, கை கால்களில் எலும்பு முறிவு கூடுவது அதனால்தான்.

இவை எல்லாம் ஒரே ஏற்பியின் வேலை. ஆனாலும் இந்தக் கிளிட்டசோன் குடும்பத்தின் மூன்று மருந்துகளுக்கும் மூன்று விதி. டிரோகிளிட்டசோன் 1997இல் அமெரிக்காவில் வந்து, கல்லீரலைக் கெடுத்ததால் 2000இல் போனது. ரோசிகிளிட்டசோன்மீது 2007இல் மாரடைப்புச் சந்தேகம் விழுந்தது, 2010இல் இந்தியா தடை செய்தது. பயோகிளிட்டசோனை சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் 2013 ஜூனில் இங்கே நிறுத்தி, ஜூலை முடிவில் கட்டம் கட்டி அச்சிட்ட எச்சரிக்கையோடு திரும்ப அனுமதித்தார்கள். அனுமதித்தது சரி என்றே நினைக்கிறேன். விலை மலிவு, இன்சுலின் எதிர்ப்பை இவ்வளவு நேராகத் தொடும் மாத்திரை வேறில்லை. ஆனால் 45 மில்லிகிராம் வரை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீக்கமும் எடையும் அளவோடு சேர்ந்தே ஏறுகின்றன. 7.5 அல்லது 15இல் தொடங்கிப் பொறுத்துப் பார்க்கலாம்.

என் உண்மையான கோபம் மூன்றும் கலந்த மாத்திரைமேல்தான். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன் எல்லாம் ஒரே வில்லையில். தான் பயோகிளிட்டசோன் சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது, அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தில் மட்டும் இருக்கும். கால் வீங்கினால் அதை மட்டும் எடுத்துவிட வழியில்லை. மெட்ஃபார்மினுக்காகக் காலையும் இரவும் அதையே போட்டால் பயோகிளிட்டசோனும் இரட்டிப்பாகும். இதற்கோ நாளுக்கு ஒரு வேளை போதும், ஏனென்றால் கல்லீரலில் இது மாறி உருவாகும் பொருள்களும் வேலை செய்பவை, இரத்தத்தில் நெடுநேரம் நிற்பவை.

கொழுப்புக்கு ஜெம்ஃபைப்ரோசில் எடுப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பயோகிளிட்டசோனைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால் இரத்தத்தில் சேரும் அளவு சுமார் மூன்று மடங்காகும், 15 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, சில நாளில் எடை கிடுகிடுவென்று ஏறினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிலக்கு தவறிய பெண்களுக்கு இந்த மருந்தால் கருமுட்டை வெளியேறுவது மறுபடி தொடங்கலாம். கர்ப்பம் வேண்டாம் என்றால் முன்பே பேசிவிட வேண்டும்.

மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் மறுநாளே சுகர் எகிறாது. ஏறியது போலவே மெதுவாகத்தான் பலன் இறங்கும். இரண்டு வாரம் மீட்டரைப் பார்த்து "இது இல்லாமலே நல்லாத்தானே இருக்கு" என்று முடிவு கட்டாமல், மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுத்துப் பாருங்கள்.