உண்ணாத எண்ணெய், சும்மா கிடைக்கும் எண்ணெய் இல்லை

தாவர எண்ணெயை டீசல் எஞ்சினுக்கான பயோடீசலாக மாற்றுகிறேன் என்று முதன்முதலில் இறங்கியபோது எனக்குக் கிடைத்தது சோப்பு. ஒரு லிட்டர் புங்க எண்ணெய், 200 மில்லி மெத்தனால் என்ற ஆல்கஹால், மூன்றரை கிராம் காஸ்டிக் சோடா. 60 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் கலக்கினேன். மேலே பயோடீசலும் அடியில் கிளிசரினும் பிரிந்து நிற்க வேண்டும். மறுநாள் பார்த்தால் பாத்திரம் முழுக்க ஒரே கொழகொழ கஞ்சி.

அந்த அளவு சுத்தமான சமையல் எண்ணெய்க்கானது. புங்கம், காட்டாமணக்கு, ரப்பர் விதை எல்லாம் மரத்தடியில் விழுந்து, ஈரத்தில் கிடந்து, பிறகுதான் செக்குக்கு வருகின்றன. அதற்குள் கொழுப்பு உடைந்து தனிக் கொழுப்பமிலம் ஏறிவிடுகிறது. காஸ்டிக் சோடா எண்ணெயைத் தொடுவதற்கு முன் அந்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். சோப்பும் தண்ணீரும் உண்டாகும். அந்தச் சோப்பு கிளிசரினைப் பிரிய விடாது. அமிலம் 1 அல்லது 2 சதவீதத்தைத் தாண்டினாலே சிக்கல்தான். அப்புறம் வேறு வழியில்லை: முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து அமிலத்தை எஸ்டராக, அதாவது பயோடீசலாகவே, மாற்றி, தண்ணீரை நீக்கி, அதன்பிறகே காஸ்டிக் சோடா. ஒரு வேலை இரண்டு வேலை ஆகிறது, மெத்தனாலும் கூடுதல்.

எண்ணெயை மாற்றாமல் அப்படியே எஞ்சினில் ஊற்றி ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு கெட்டி. இன்றைய எஞ்சினின் இன்ஜெக்டர் அதைச் சரியாகத் தூவாது, கரி படியும்.

எனக்குக் கோபம் வருவது வேதியியல் மேல் இல்லை. 'உண்ண முடியாத எண்ணெய்தானே, உணவுக்குப் போட்டி இல்லை' என்று வெகு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்களே, அதன்மேல்தான். காட்டாமணக்கை நினைத்துப் பாருங்கள். தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்றார்கள். பெரிய நிறுவனங்களே நம்பின. காட்டாமணக்குப் பயிரிட 2007இல் டி1 ஆயில்ஸ் என்ற பயோடீசல் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் பிபி, 2009இல் விலகிக்கொண்டது. தரிசில் அந்தச் செடி பிழைத்துக்கிடக்கும், சரி. பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. நல்ல விளைச்சல் வேண்டுமென்றால் நல்ல மண்ணும் நீரும் வேண்டும். அவை கிடைக்கும் நிலத்தில் சோறு போடும் பயிரையே வைக்கலாமே!

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை, பிண்ணாக்கு. சோயா எண்ணெய் எடுத்த பின் மிஞ்சுவது கால்நடைத் தீவனமாக விலைபோகும். காட்டாமணக்குப் பிண்ணாக்கில் போர்பால் எஸ்டர் என்ற நஞ்சு இருப்பதால் மாட்டுக்குப் போட முடியாது, உரத்தோடு சரி. அந்த வருமானம் இல்லாதபோது செலவு முழுவதும் எண்ணெயின் தலையில் விழுகிறது.

மெத்தனாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ போகிறது, அதுவும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. பச்சை எரிபொருளுக்குள் அந்தப் பங்கு பச்சை இல்லை. (மெத்தனாலின் ஆவி நஞ்சு, பகல் வெளிச்சத்தில் அதன் தீயும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தயவுசெய்து சமையலறையில் வைத்துச் செய்யாதீர்கள்.)

இதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஏற்கெனவே நிற்கும் புங்க மரமும், பாலுக்காக நட்ட ரப்பர் மரமும் எப்படியும் விதை உதிர்க்கின்றன. விழுந்ததும் பொறுக்கி, காயவைத்து, அருகிலேயே ஆட்டி, பயோடீசலாக்கி, அருகிலேயே பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் ஊற்றினால் கணக்கு ஒத்துவரலாம். அதற்காகவே புதிதாகத் தோட்டம் போடுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் முறை அமிலம் எவ்வளவு என்று டைட்ரேஷன் (காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளக்கும் முறை) செய்து பார்த்துவிட்டு, இரண்டு கட்டமாகச் செய்தேன். ஒரே இரவில் கிளிசரின் கருப்பாக அடியில் இறங்கிவிட்டது. இப்போது யாராவது செய்முறை கேட்டால், உங்கள் எண்ணெயின் அமில அளவு என்ன என்று திருப்பிக் கேட்கிறேன். பாதிப் பேர் அதற்குமேல் பேச்சைத் தொடர்வதில்லை.