டிக்கெட் கேட்கும் மாமாவும் தலைக்கு மேலே போகும் விமானங்களும்

(காட்பாடி காந்திநகரில் ஒரு மொட்டை மாடி. சாயங்காலம். ஏகாம்பரம், ரயில்வேயில் டி.டி.ஆராக இருந்து ஓய்வு பெற்றவர். கதிர், அவர் மனைவியின் தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாமா ஃபோன் செய்து அவசரமாகக் கூப்பிட்டதால் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.)

ஏகாம்பரம்: வா கதிர். அதோ, மேலே ஒன்று போகிறது பார். எங்கே ஏறினான், எங்கே இறங்குவான், ஒன்றும் தெரியவில்லை. சர்வீஸ் முழுக்க அதைக் கேட்டே பிழைத்தவன் தலைக்கு மேலேயே இப்படிப் போகிறான்கள்.

கதிர்: இதற்கா கூப்பிட்டீர்கள்? ஆப் ஒன்று போட்டால் தெரிந்துவிடும் மாமா.

ஏகாம்பரம்: ஃபோனை எடுத்தாலே உன் அக்கா முறைக்கிறாள். எனக்குச் சுவரில் ஒரு போர்டு வேண்டும். ஜங்ஷனில் இருக்கிற மாதிரி சிவப்பு எழுத்து ஓட வேண்டும். அதை நானே செய்யப் போகிறேன்.

கதிர்: வாங்கிவிடுங்கள்.

ஏகாம்பரம்: ரிப்பேர் கடை வைத்திருக்கிற நீயா வாங்கச் சொல்கிறாய்?

கதிர்: அதனால்தான் சொல்கிறேன். வீட்டில் செய்ததெல்லாம் கடைசியில் எங்கே வந்து சேரும் என்று எனக்குத்தான் தெரியும். தண்ணீர் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும் என்று ஒன்று செய்தீர்களே, அது இன்னும் என் மேஜைக்கு அடியில்தான் கிடக்கிறது.

ஏகாம்பரம்: அது நின்றது.

கதிர்: நின்றது, சரி. அப்புறம் ஓடவே இல்லையே.

ஏகாம்பரம்: பழசை விடு. முதலில் ஒன்று சொல். அந்த விமானம் போகிற விஷயம் நமக்கு எப்படித் தெரியும்?

கதிர்: அதுவே கத்திக்கொண்டு போகிறது. ஏ.டி.எஸ்-பி என்று பெயர். 1090 மெகாஹெர்ட்ஸில், ‘நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு உயரம், இவ்வளவு வேகம்’ என்று. இருக்கிற இடத்தை மட்டுமே நொடிக்கு இரண்டு தடவை சொல்லும்.

ஏகாம்பரம்: ரகசியம் கிடையாதா?

கதிர்: பூட்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கம்ப்யூட்டரில் டிவி பார்க்கச் செய்த டாங்கிள் ஒன்று உண்டு. அதை ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டரில் குத்தி, டம்ப்1090 என்று ஒரு மென்பொருளை ஓட்டினால் போதும். 35,000 அடியில் பறக்கிறவன் முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் மாட்டுவான்.

ஏகாம்பரம்: சுற்றிலும் மலையாக இருக்கிறதே?

கதிர்: அவன் பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறான். நம்ம மலை அவனை என்ன மறைக்கும்? தாழ வருகிறவன்தான் தெரியமாட்டான். பெங்களூரில் இறங்கும்போது பார்க்க முடியாது.

ஏகாம்பரம்: நம்ம அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் இறங்கினால்?

கதிர்: இறங்கினால் எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் இறங்கட்டும்.

ஏகாம்பரம்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம்ம வேலூரைக் கிண்டல் செய்தார்கள். சாமியாவது 1981ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். விமானம் இல்லாத விமான நிலையத்தையும் இனி அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதுதான். அது கிடக்கட்டும். போர்டில் முதல் வரி: எங்கிருந்து, எங்கே.

கதிர்: அது வராது.

ஏகாம்பரம்: எது வராது?

கதிர்: எங்கிருந்து எங்கே என்று விமானம் சொல்லாது மாமா. அதன் நம்பர், அழைப்புப் பெயர், இடம், உயரம், வேகம். அவ்வளவுதான். பெயரை வைத்து இன்டர்நெட்டில் கேட்டுத்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏகாம்பரம்: (நாற்காலியில் சாய்ந்து) பெயரைச் சொல்வானாம், வேகத்தைச் சொல்வானாம், டிக்கெட்டை மட்டும் காட்டமாட்டானாம். இவனை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அரக்கோணம் தாண்டியதும் பாத்ரூமுக்குள் போய்விடுவான்.

கதிர்: வாங்குகிற போர்டில் இந்தத் தலைவலி இல்லை. ஆன்டெனாவே கிடையாது. வைஃபையில் எல்லாவற்றையும் இழுத்து, ஊர் பெயரோடு காட்டிவிடும்.

ஏகாம்பரம்: என்ன விலை?

கதிர்: வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சுங்க வரியெல்லாம் சேர்ந்தால் இருபதாயிரத்தைத் தொடும். சிலதுக்கு மாசச் சந்தா வேறு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விற்றவன் நாளைக்கே சர்வரை மூடிவிட்டால் சுவரில் வெறும் டப்பாதான்.

ஏகாம்பரம்: நீ யார் பக்கம் பேசுகிறாய்?

கதிர்: எதை எடுத்தாலும் கடைசியில் என் கடைக்குத்தான் வரும். அதனால் இரண்டு பக்கமும் பேசுகிறேன். நாமே செய்தால் பை, டாங்கிள், எல்இடி பேனல், பவர் சப்ளை என்று பத்தாயிரத்துக்கு மேல். அத்தோடு முடியாது. டாங்கிளை ஹாலில் வைத்தால் ஒன்றும் கேட்காது. மாடியில் ஆன்டெனா வைத்து, கீழே வரை கேபிள் டிவி வயர் இழுத்தால் பாதி சிக்னல் வழியிலேயே இறங்கிவிடும். அதனால் பையையும் இங்கேதான் வைக்க வேண்டும்.

ஏகாம்பரம்: வைப்போம்.

கதிர்: இந்த மாடியிலா? மே மாசத்திலா? மாமா, அக்கா இங்கே வடகம் காயப்போடுகிறாள். காலையில் போட்டதை மதியம் அள்ளிவிடுகிறாள். பை எண்பது டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஏகாம்பரம்: வேலூர் வெயிலில் யார்தான் குறைத்துக்கொள்ளவில்லை? மேலே ஒரு ஓலை வேய்ந்துவிடலாம்.

கதிர்: கரண்ட் படக்கென்று போனால் மெமரி கார்டு கெட்டுவிடும்.

ஏகாம்பரம்: நம்ம ஏரியாவில் கரண்ட் சொல்லிவிட்டுத்தான் போகிறது.

கதிர்: யாரிடம் சொல்கிறது?

ஏகாம்பரம்: ...ஆன்டெனாவைப் பற்றிச் சொல். அது எவ்வளவு நீளம்?

கதிர்: அதுதான் இதிலேயே சுலபமான வேலை. அலைநீளம் இருபத்தேழரை சென்டிமீட்டர். அதில் கால் பங்கு. ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கம்பி இருந்தால் போதும்.

(ஏகாம்பரம் சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுக்கிறார். ஒரு முனையில் கறுப்புத் துணி நூல் இன்னும் தொங்குகிறது.)

கதிர்: மாமா, இது அக்காவின் குடை.

ஏகாம்பரம்: குடையில் எட்டுக் கம்பி. ஒன்று குறைந்தால் விரியாமலா போகும்?

கதிர்: அக்காவுக்குத் தெரியுமா?

ஏகாம்பரம்: மழை பெய்யட்டும், தெரிந்துகொள்வாள். இந்த ஊரில் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

கதிர்: ஆக, முடிவு செய்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சரி, ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. விமானங்களை மேப்பில் காட்டுகிற ஃப்ளைட்ரேடார்24க்கு நாம் பிடிக்கிற சிக்னலை அனுப்பிக்கொண்டே இருந்தால், அவர்களுடைய பிசினஸ் சந்தாவை இலவசமாகத் தருவார்கள்.

ஏகாம்பரம்: (நிமிர்ந்து உட்கார்ந்து) பாஸா?

கதிர்: பாஸ் மாதிரிதான்.

ஏகாம்பரம்: குடும்பத்துக்கும் சேர்த்தா?

கதிர்: அனுப்புகிறவருக்கு மட்டும் மாமா. அனுப்புவதை நிறுத்தினால் பாஸும் நின்றுவிடும்.

ஏகாம்பரம்: ரயில்வே எவ்வளவோ தேவலை. சரி, போர்டில் எழுத்து தமிழில் வர வேண்டும்.

கதிர்: அந்த பேனல் அகலத்தில் அறுபத்துநாலு புள்ளி, உயரத்தில் முப்பத்திரண்டு. அதற்குள் ஆங்கிலம் அழகாக உட்காரும். தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். எழுத்தெழுத்தாக நானே புள்ளி வைத்து வரைந்தால்தான் உண்டு.

ஏகாம்பரம்: வரையேன்.

கதிர்: நானா? நீங்கள்தானே செய்யப் போவதாகச் சொன்னீர்கள்?

ஏகாம்பரம்: கம்பி வெட்டியாகிவிட்டது. என் பங்கு முடிந்தது. பாக்கியை நீ செய். செய்து முடித்ததை நான் உன்னிடம் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். செய்வதா வாங்குவதா என்ற சண்டையே இல்லை பார்.

கதிர்: அப்படியென்றால் இருபதாயிரம்.

ஏகாம்பரம்: அடப்பாவி, பத்தாயிரம் என்றாயே!

கதிர்: செய்தால் பத்து மாமா. வாங்கினால் இருபது.

ஏகாம்பரம்: (கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு) சீனியர் சிட்டிசன் கன்செஷன் உண்டா?

கதிர்: அதை உங்கள் ரயில்வேயே 2020ல் நிறுத்திவிட்டது மாமா.