கணக்குக் கேட்டால் விசுவாசம் குறைந்துவிடுமா?

எங்கள் பக்கம் கத்தோலிக்கக் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால்கூட அதில் 'உபயம்' என்று பெயர் எழுதிவிடுவார்கள். ஃபேன் இறக்கையில் பெயர், பெஞ்சு முதுகில் பெயர். திருவிழாவுக்கு 500 ரூபாய் கொடுத்தவர்கள் பட்டியல் மாதக்கணக்கில் நோட்டீஸ் போர்டில் தொங்கும். வரவில் அவ்வளவு துல்லியம். செலவு? ஒரு வருடம் அதே போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். பந்தல், சீரியல் செட், பேண்டு, தேருக்குப் பூ என்று வரிசையாகப் போய், கடைசியில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி. இருப்பதிலேயே பெரிய தொகை அதுதான். மறு வருடம் அந்தத் தாளும் இல்லை. பங்குப் பேரவையில், அதாவது கோயில் மக்களின் பிரதிநிதிகள் கூடும் கூட்டத்தில், ஒருவர் எழுந்து கேட்டார். "கணக்கு ஆயர் இல்லத்துக்குப் போயிடுச்சு, அங்க பாத்துப்பாங்க" என்று பதில் வந்தது. ஆயர் என்றால் பிஷப். அடுத்த பேரவைப் பட்டியலில் கேட்டவர் பெயர் இல்லை.

இதை எழுதினாலே ஒரு பதில் வரும்: "திருச்சபை என்ன ஜனநாயகமா, ஓட்டுப் போட?" ஐயா, ஓட்டு யார் கேட்டது? கணக்குத்தானே கேட்கிறோம். அதையும் நாங்களாக இட்டுக்கட்டிக் கேட்கவில்லை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1287-ஆம் எண்ணைப் பாருங்கள். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு நிர்வாகிகள் மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. 537-ஆம் எண், ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் என்கிறது. 212-ஆம் எண் இன்னும் ஒரு படி மேலே போய், திருச்சபையின் நன்மை குறித்துத் தன் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது விசுவாசியின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்கிறது. ஞாயிறு பூசையில் இவற்றை யாராவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? சந்தா பாக்கிப் பட்டியல் மட்டும் தவறாமல் வாசிக்கப்படும்.

அதே புத்தகத்தில் மறுபக்கமும் உண்டு. பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லத்தான் உரிமை (536). சட்டக் காரியங்கள் எல்லாவற்றிலும் பங்கின் சார்பாக நிற்பவர் பங்குத்தந்தை, அதாவது கோயில் சாமியார் (532). ஆயரின் எல்லையான மறைமாவட்டத்தில் சட்டம் இயற்றுவது, நிர்வாகம், தீர்ப்பு மூன்றும் ஆயரிடமே (391). ஆயர் போட்ட உத்தரவில் குறை என்றால் 10 நாளுக்குள் முதலில் அவரிடமே முறையிட வேண்டும், அப்புறம் ரோம். சென்னை காசிமேட்டிலிருந்து ரோமுக்கு மனு எழுதிய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதனால்தான் எங்கள் ஊரில் எல்லாமே 'வரும் சாமியாரைப் பொறுத்தது'. நல்லவர் வந்தால் கணக்கு வரும், அன்பியங்கள் (தெருவாரியாகக் கூடும் ஜெபக் குழுக்கள்) உயிரோடு இருக்கும். மாற்றல் ஆனதும் பேரவை கலையும், பூட்டு மாறும், பாதியில் நின்ற கெபி (மாதா சுரூபம் வைக்கும் குகை) வேலை பாதியிலேயே நிற்கும். நான் எந்த சாமியாரையும் திருடன் என்று சொல்லவில்லை. யாராயிருந்தாலும் கேட்க ஆள் இல்லாத நாற்காலி அது.

சரி, அதிகாரத்தை அப்படியே ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்துவிடலாமா? அதுவும் எனக்கு பயம்தான். இராயபுரம் புனித இராயப்பர் கோயில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் படகு ஓட்டிய குருகுலத்தார் சமூகம் மகமை (வருமானத்தில் ஒதுக்கும் பொதுப் பணம்) சேர்த்துக் கட்டியது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் 'எங்க தாத்தா கட்டின கோயில்' என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தைக் கேட்டால் தெரியும். அங்கே கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பை 1910-இல் இடித்தது சாமியார்கள்தான். எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அன்றைக்குப் பேரவையில் கை தூக்கச் சொல்லியிருந்தால் அந்தத் தடுப்பு இன்றைக்கும் நின்றிருக்கும். மேலிருக்கும் அதிகாரமும் சில நேரம் ஏழைக்குத் துணை நிற்கும், மறுக்கவில்லை. அதே மேலிடத்தில் தலித் மக்களுக்கு இடம் எங்கே என்று தமிழகத்தில் எத்தனையோ ஆண்டுகளாகப் போராட்டம் நடக்கிறது. தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால், ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா, வந்ததே 2022-இல்தான். ஆயர் நியமனத்துக்குத் திருப்பீடத் தூதர் (போப்பின் தூதர்) விசாரிப்பது ரகசியம், ரோமுக்குப் போகும் மூன்று பெயர்களும் ரகசியம். யாரிடம் கேட்டார்கள் என்பதுகூடத் தெரியாத இடத்தில் எதை எதிர்த்துப் பேசுவது?

என்னை உறுத்துவது எங்கள் பெண்கள் விஷயம். தெருவில் மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறார்கள். தீர்மானப் புத்தகம் இருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், யாருக்குக் கடன், எத்தனை தவணை பாக்கி என்று கூட்டத்தில் உரக்க வாசிக்கிறார்கள். வங்கி மேனேஜரிடம் நேருக்கு நேர் வாதாடும் மீன்காரம்மா, கோயிலுக்குள் வந்தால் அசனத்துக்கு (ஊர் விருந்துக்கு) வெங்காயம் உரிக்கும் குழுவில். நிதிக்குழுவில் அவரைப் போட ஏன் யாருக்கும் தோன்றவில்லை? 2023-இல் ரோமில் உலக ஆயர்கள் கூடும் ஆயர் மாமன்றத்திலேயே பெண்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

அந்த மாமன்றத்துக்காக எங்கள் அன்பியத்திலும் ஒரு படிவம் கொடுத்து, அடுத்த ஞாயிறு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் எழுதியதில் என்ன மேலே போனது என்று யாரும் வந்து சொல்லவில்லை. ஆனால் 2024 அக்டோபரில் வந்த இறுதி ஆவணம் நாங்கள் திண்ணையில் பேசியதைத்தான் பேசுகிறது: பேரவைகள் கட்டாயமாக வேண்டும், 'வெறும் ஆலோசனை' என்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும், ஆண்டுதோறும் நிதி அறிக்கை வேண்டும். அப்போதைய திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் அதை ஏற்று வெளியிட்டார். இங்கே அது வாட்ஸப் ஃபார்வேர்டாக மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன்னால் போன திருவிழாக் கணக்கையும் நிதிக்குழு உறுப்பினர் பெயர்களையும் போர்டில் ஒட்டச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறேன். 1287, 537 இரண்டின் நகலும் பின்னால் இணைத்திருக்கிறது. கையெழுத்துப் போட விரும்பும் பங்கு மக்கள் இரண்டாம் பூசை முடிந்ததும் வெளியே டீக்கடைக்கு வாருங்கள். கமெண்டில் பெயர் போட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் மதியத்துக்குள் சாமியார் வீட்டுக்குப் போய்விடும்.