கறிவாசம் அடிக்கும் என்ஜின்

பறவை உள்ளே போன என்ஜினை முதலில் காட்டிக்கொடுப்பது மூக்குதான். கோழியைத் தீயில் வாட்டுகிற மாதிரி ஒரு வாசம், கூடவே மண்ணெண்ணெய் நெடி. இருபத்தெட்டு வருடம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். ராத்திரி ஷிப்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றி ஒவ்வொரு பிளேடாகப் பார்த்திருக்கிறேன். ஓரம் லேசாக மடங்கியிருக்கும். அடியில் நனைந்த பஞ்சு மாதிரி இறகு ஒட்டியிருக்கும். அந்தக் கூழுக்கு எங்கள் தொழிலில் 'ஸ்னார்ஜ்' என்று பெயர். அதைத் துடைத்துப் போட்டுவிட்டு கோப்பிக்கடையில் உட்கார்ந்து சிக்கன் ரைஸ் சாப்பிட்டவன்தான் நான். பறவைப் பித்தன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

போன வாரம் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அமெரிக்காவில் ஏதோ ஒரு பூங்கா. பத்துப் பதினைந்து பேர் வலையைச் சுற்றிப் பிடித்து வாத்துகளை ஓட்டிக்கொண்டு போய்ப் பெட்டிகளில் அடைக்கிறார்கள். "அப்பா, பிளேன் விழாம இருக்கணும்னா இதைச் செஞ்சுதான் ஆகணுமா?" என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதுவதற்குள் குடும்ப குரூப்பில் என் மச்சான் முந்திக்கொண்டார்: "ஆள் முக்கியமா, வாத்து முக்கியமா?" கேள்வியை அப்படிக் கேட்டால் யாருக்கும் ஒரே பதில்தான். எனக்கு ஒரு வரியில் முடிக்க வரவில்லை. அதனால் இங்கே.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2009 ஜனவரி 15, நியூயார்க் லாகார்டியாவிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ320 சுமார் 2,800 அடி உயரத்தில் கனடா வாத்துக் கூட்டத்துக்குள் புகுந்தது. இரண்டு என்ஜின்களும் போயின. கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார், 155 பேரும் பிழைத்தார்கள். அந்த வகை என்ஜினுக்குப் பெரிய பறவைச் சோதனை என்றால் 1.8 கிலோ பறவை ஒன்றை உள்ளே சுடுவதுதான். அதிலும் என்ஜின் தொடர்ந்து ஓட வேண்டும் என்றில்லை, வெடித்துச் சிதறாமல் நின்றால் தேர்ச்சி. கனடா வாத்து சர்வசாதாரணமாக நாலு கிலோ வரும். அன்றைக்கு ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் குறைந்தது இரண்டு போயிருந்தன. அதற்கு ஈடுகொடுக்கும் என்ஜினை நான் பார்த்ததில்லை.

அந்தக் கோடையிலேயே நியூயார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்துகளைப் பிடித்துக் கொன்றார்கள். 2010 ஜூலையில் புரூக்ளின் பிராஸ்பெக்ட் பூங்காவில் மட்டும் ஏறக்குறைய 400, கார்பன் டை ஆக்சைடு வாயு வைத்து. ஏன் ஜூன், ஜூலை தெரியுமா? அப்போதுதான் அவை சிறகு உதிர்க்கும். சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. விமானத்துக்கு ஆபத்து என்று சொல்லி, பறக்க முடியாத நேரமாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள்! பிடிப்பதற்கு அதுதான் வசதி என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வீடியோவில் அவை வரிசையாக நடந்து போனதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் இனிமேல்தான். ஹட்சன் விமானத்தின் ஸ்னார்ஜ் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இறகு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் ராக்ஸி லேபோர்ன் என்ற அம்மையார். 1960ல் பாஸ்டனில் ஸ்டார்லிங் என்ற சின்னப் பறவைகளின் கூட்டத்தில் மோதி ஒரு விமானம் விழுந்து 62 பேர் இறந்தார்கள் இல்லையா, அந்த இறகுத் துணுக்குகளை வைத்து எந்தப் பறவை என்று சொன்னவர். இந்த முறை மரபணுவோடு நிற்காமல் இறகில் உள்ள ஹைட்ரஜனையும் பார்த்தார்கள். இறகு முளைத்த ஊரின் தண்ணீர் எப்படியோ அப்படித்தான் அதன் ஹைட்ரஜனும் இருக்கும். முடிவு என்ன? மோதியவை நியூயார்க் பூங்கா வாத்துகள் இல்லை. கனடாவின் லாப்ரடார் பக்கத்திலிருந்து வலசை வந்தவை. அடித்தவன் ஒருவன், அகப்பட்டவன் இன்னொருவன்.

அந்தப் பூங்கா வாத்துகள் வந்த வழியும் விசித்திரம்தான். பெரிய வகைக் கனடா வாத்து அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1962ல் மினசோட்டா ராசெஸ்டரில் ஒரு கூட்டம் மிஞ்சியிருந்தது தெரிந்தது. அப்புறம் அரசாங்கத் துறைகளே வளர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டன. புல்வெளியும் குளமும் கிடைத்தன, நரி கிடையாது, ரொட்டி போட ஆள் இருக்கிறது. பெருகாமல் என்ன செய்யும்?

சரி, மச்சான் பக்கமும் நியாயம் இருக்கிறது. உள்ளூர் வாத்தும் விமானத்தில் மோதத்தான் செய்யும், எண்ணிக்கை குறைந்தால் கொஞ்ச காலத்துக்கு ஆபத்தும் குறையும். 1995ல் அலாஸ்காவில் ராணுவ விமானம் ஒன்று ஓடுபாதையிலிருந்து எழும்போதே கனடா வாத்துகளில் மோதி 24 பேரும் போனார்கள். ஓடுபாதை ஓரத்தில் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கிறது, எவ்வளவு விரட்டியும் போகவில்லை என்றால் சுடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். என்ஜினுக்குள் கை விட்டவன் வேறு மாதிரி சொல்ல முடியாது. எனக்கு ஒத்துவராதது, தலைப்புச் செய்தி வந்த சூட்டில் பூங்காவில் போய்ப் பிடிப்பது. புல்லும் குளமும் அப்படியே இருக்கும்போது அடுத்த வருடம் வேறு வாத்து வந்து உட்காரும்.

2024 டிசம்பர் 29, தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் நடந்த விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். இரண்டு என்ஜினிலும் இருந்தது பைக்கால் கிளுவையின் இறகு. அரைக் கிலோ தேறாத சின்ன வாத்து. உலகத்தில் உள்ள பைக்கால் கிளுவைகளில் பெரும்பங்கு குளிர்காலத்துக்குக் கொரியாவுக்குத்தான் வரும், வானம் கறுக்கிற மாதிரி வரும். எத்தனையைக் கொல்வது? பறவை இறங்குகிற சேற்று நிலத்துக்குப் பக்கத்தில் விமான நிலையத்தைக் கட்டியது கிளுவையா? ஓடுபாதை முடிகிற இடத்தில் கான்கிரீட் மேட்டை வைத்தது கிளுவையா?

வேலைக்கு ஆவது எல்லாம் சலிப்பூட்டுகிற வேலைகள். புல்லின் உயரத்தைப் பார்ப்பது, மழைத் தண்ணீர் தேங்காமல் வடிப்பது, புழு பூச்சியைக் குறைப்பது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் பக்கத்து விவசாயிகளோடு பேசி, அறுவடை முடிந்ததும் சிந்திய தானியத்தோடு நிலத்தை உழுதுவிட ஏற்பாடு செய்தார்கள். அங்கேயும் வாத்துகளைக் கொல்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் இதையும் செய்கிறார்கள்.

நம் ஊரில் காட்டு வாத்துக் கிடையாது, நமக்கென்ன என்று மச்சான் சொல்லலாம். 2017ல் இங்கே சின் மிங் குடியிருப்பில் என்ன நடந்தது? கூவுகிறது, தூக்கம் கெடுகிறது என்று புகார் போக, 24 கோழிகளைப் பிடித்துக் கொன்றார்கள். ஊர் கொதித்த பிறகு நாடாளுமன்றத்தில் பறவைக் காய்ச்சல் காரணமாக வந்தது. காரணம் பின்னால் வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். அப்புறம் காகம். இலங்கையிலிருந்து மலேசியாவின் கிள்ளான் காப்பித் தோட்டத்துக்குப் புழு தின்பதற்காகக் கொண்டுவரப்பட்ட பறவை, நூறு வருடத்துக்கும் மேலே ஆகிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா மாதிரியே கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளி! அதை இங்கே பல வருடம் துப்பாக்கியால் சுட்டும் தீரவில்லை. 2023ல் பீஷான் வட்டாரத்தில் நடந்து போகிறவர்கள் தலையில் கொத்திக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டி திறந்து கிடக்கிற வரை காகம் இருக்கும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. அம்மாவுக்கு நாங்குநேரிப் பக்கம். கூந்தன்குளத்தில் இமயமலை தாண்டி வருகிற வரித்தலை வாத்தைப் பார்த்து வளர்ந்தவர். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை வீட்டில் வைத்து வளர்க்கிற ஊர் அது. "கொல்லக் கூடாதுன்னு நீ சொன்னது சரிதான்டா" என்றார். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தீனியைக் குறைத்தால் கொல்ல வேண்டிய அவசியமே வராது, அதனால்தான் 2020லிருந்து இங்கே பறவைக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் என்று தொடர்ந்தேன்.

"அப்ப உங்கப்பாவுக்கு வைக்கிற சோறு?"

அப்பா போய் ஒன்பது வருடம். அமாவாசைக்கு அமாவாசை சமையலறை ஜன்னல் விளிம்பில் அம்மா ஒரு பிடி வைப்பார். அன்றைக்கு இரண்டு காகமாவது வரும். இத்தனை நாளும் நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சோற்றைப் படத்துக்கு முன்னால் வைக்கலாமே என்றேன். "படம் சாப்பிடுமாடா?" என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை அமாவாசை. இன்று காலையில் துணி காயப்போடும் கம்பில் ஒரு காகம் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவும் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.