81-ல் எது?

அந்தப் போஸ்டர் இன்னைக்கும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. மனசு சோர்ந்திருந்தா கடந்த காலத்துல வாழறீங்க, பதறினா எதிர்காலத்துல வாழறீங்கன்னு அறிவுரை. கீழே பழைய சீன ஞானி லாவோ ட்சு பேரு. அந்த வரி அவர் பேர்ல இருக்கற ஒரே நூலான தாவோ தே ஜிங்ல கிடையாது. எந்தப் பழைய பிரதியிலும் கிடையாது. போஸ்டருக்குக் கீழ நான் இதைச் சொன்னதுக்குத்தான் 'மேதாவி', 'பொறாமை' பட்டமெல்லாம். நன்றி.

புத்தகம் ரொம்பச் சின்னதுங்க. 81 அத்தியாயம், சுமார் 5000 சீன எழுத்து. 1 முதல் 37 வரை தாவோ, அதாவது வழி; மிச்சம் தே, அதாவது பண்பு. சி. மணி தமிழிலேயே கொண்டுவந்திருக்கார். ஒரு மத்தியானம் போதும்.

"லாவோ ட்சு இருந்தாரான்னே தெரியாதே?"ன்னு ஒரு அண்ணன் மடக்கினார். அண்ணே, அந்தச் சந்தேகம் சிமா சியானுக்கே இருந்தது. கி.மு. 100 வாக்குல வரலாறு எழுதினவர், சௌ அரசவையின் ஆவணக் காப்பாளர் லி அர், கணவாய்க் காவலர் யின் சி கேட்டதுக்காக எழுதிக் கொடுத்துட்டுப் போனார்னு சொல்றார். கையோட வேற ரெண்டு பேரையும் காட்டி, இவங்களாவும் இருக்கலாம்கறார். ஆள் யாரோ, ஏடு கையில இருக்கே!

1993-ல் ஹூபே மாகாணம் குவோதியன் கல்லறையில இந்த நூலை எழுதின 71 மூங்கில் பட்டை கிடைச்சது. கி.மு. 300 வாக்குல உள்ளது. இன்றைய நூல்ல ஐந்தில் ரெண்டு பங்குதான் அதுல இருக்கு. அதுக்கு முன்னாடியே, 1973-ல், ஹுனான் மாகாணம் மாவாங்துய்ல கி.மு. 168-ல மூடின கல்லறையில ரெண்டு பட்டுப் பிரதி. ரெண்டுலயும் 'தே' முதல்ல, 'தாவோ' அப்புறம்.

அதுல எது மூத்தது? மன்னர் பேரை எழுதக்கூடாதுங்கறது வழக்கம். ஹான் வம்சத்தைத் தொடங்கினவர் லியூ பாங். ஒரு பிரதியில நாட்டைக் குறிக்கற 'பாங்' அப்படியே இருக்கு. இன்னொண்ணுல அதை எடுத்துட்டு 'குவோ' போட்டிருக்காங்க. அப்ப 'பாங்' இருக்கற பிரதிதான் மூத்தது. பின்னாடி லியூ ஹெங் ஆட்சிக்கு வந்தார். அதனால பிற்காலப் பிரதிகள்ல, முதல் அத்தியாயத்துல 'ஹெங்' போய் 'சாங்' உட்கார்ந்தது. ரெண்டுக்கும் பொருள் ஒண்ணுதான், 'நிலையான'. ஓர் எழுத்து மாறினதுக்கே இவ்வளவு துப்பு துலக்கறாங்க. நீங்க முழு வாக்கியத்தையே சொருகறீங்க.

"சீனாக்காரங்களே மாத்தியிருக்காங்களே?" மாத்தியிருக்காங்க, மறுக்கலை. 19ஆம் அத்தியாயத்துல அன்பையும் அறத்தையும் தூக்கி எறியச் சொல்ற வரி, அந்த ரெண்டையுமே போற்றற கன்ஃபூசியஸ் ஆட்களுக்கு நேரடி அடி. குவோதியன் பட்டையில அந்த அடியே இல்லை. 64-ல் எல்லாருக்கும் பிடிச்ச 'ஆயிரம் மைல் பயணம்' இருக்கே, மூலத்துல மைல் ஏது? 'லி', அரைக் கிலோமீட்டர்கூட வராது. பட்டுப் பிரதியில பயணமே இல்லை. உயரம்தான் காலடியில தொடங்குது. இந்த மாற்றமெல்லாம் எதுல, எங்கன்னு விரல் வெச்சுக் காட்ட முடியும். உங்க வரிக்குக் காட்டுங்களேன்.

அடுத்து, யார் சொன்னா என்ன, கருத்தைப் பாருன்னு 'எப்பொருள் யார்யார்வாய்' குறளோட வந்தாங்க. அதே குறளைக் கன்ஃபூசியஸ் பேர்ல போஸ்டர் அடிச்சா சும்மா இருப்பீங்களா? ஊரே பொங்கியிருக்காது?

647-ல் காமரூப (இன்றைய அசாம்) மன்னருக்காக இந்த நூலைச் சமஸ்கிருதத்துல பெயர்க்கச் சொல்லி, சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங்குக்கு உத்தரவு. 'தாவோ'வுக்கு, பௌத்தத்துல ஞானத்தைக் குறிக்கற 'போதி'ன்னு போடணும்னு தாவோ துறவிகள் பிடிவாதம். இவர் 'மார்க்கம்'தான்னு நின்னார். ஒரே சொல்லுக்கு அவ்வளவு சண்டை. அவங்களையும் மேதாவின்னுதான் திட்டுவீங்களா?

போஸ்டருக்குக் கீழ நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: 81-ல் எது? பதில் வரலை. லைக் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு.