மறுபடி ஞானஸ்நானம் எதற்கு?

சபை மாறிக் கல்யாணம் பேசினால், ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் முன்பே சில இடங்களில் ஒரு நிபந்தனை வந்துவிடுகிறது: "குழந்தையில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, பெண் மறுபடி எடுக்கட்டும்." கேட்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. இதைவிடச் சிக்கலான முடிச்சை நம் முன்னோர் இதே மண்ணில் அவிழ்த்திருக்கிறார்கள்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர்களில் ஒருவர் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் அசரியா, திருநெல்வேலிச் சீமைக்காரர். மிஷன்கள் ஊர்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. திருநெல்வேலியில் பிறந்தால் ஆங்கிலிக்கன், மதுரையில் அமெரிக்கன் மிஷன், நாகர்கோவிலில் லண்டன் மிஷன். எங்கோ மேல்நாட்டில் நடந்த சண்டைக்காக நாம் ஏன் பிரிந்து கிடக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

சபைகள் ஒன்றாகச் சேரப் பெரிய முட்டுக்கட்டை குருத்துவம், அதாவது யார் குருவாகலாம் என்பது. பேராயர் தலையில் கை வைத்து, அபிஷேகம் செய்து ஊழியத்தில் ஏற்படுத்தாத ஐயர் (போதகர்) திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும், கொடுத்தால் அது செல்லுமா? இதை வைத்தே வருடக்கணக்கில் பேச்சு இழுத்தது. அசரியா முடிவைப் பார்க்காமலே 1945இல் இறந்துபோனார். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கும் யாருக்கும் மறு அபிஷேகம் வேண்டாம், அப்படியே ஏற்போம். இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பார். எந்தச் சபையின் மேலும் அதன் மனசாட்சிக்கு ஒவ்வாத ஊழியத்தைத் திணிக்க மாட்டோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், மெத்தடிஸ்டுகளும் சேர, சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இங்கிலாந்துத் திருச்சபைகூட இதை உடனே முழுதாக ஏற்கவில்லை. நம்மவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அந்த மறு அபிஷேகம் வேண்டாம் என்ற முடிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் ஐயர் ஐயரே இல்லை என்று சொல்லிவிட்டு யாரோடும் சம்பந்தம் பேச முடியுமா?

வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று நம்புகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அப்படியே வளர்க்கட்டும். சரி, அது அவர்கள் விசுவாசம். கல்யாணப் பெண் தானாகவே மனம் வந்து மறுபடி எடுத்தாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே சொல்லித் திடப்படுத்தல் பெற்று, வருடக்கணக்காகத் திருவிருந்தில் பங்கெடுத்த பெண்ணிடம் அதைக் கல்யாண நிபந்தனையாக வைக்காதீர்கள். அநேகமாகப் பெண்தான் மாற வேண்டியிருக்கிறது. பெற்றவர்கள் கொடுத்த விசுவாசத்தைப் பொய் என்று ஒப்புக்கொண்டுதான் அவள் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டுமா? இரண்டு சபை ஐயர்மாரும் சேர்ந்து நின்று அந்தக் கல்யாணத்தை நடத்திவையுங்கள். முடியாது என்றால், எதனால் முடியாது என்று அந்தப் பெண்ணிடமே நேரில் சொல்லுங்கள்.